‘கொ’ யாருக்குச் சொந்தம்?

கத்தரித்த பத்திரிகைத் துண்டை என் மேசைமேல் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் இரண்டு முறை நீவிவிட்டார் கொக்குச்செவலார். பிறகு என் மைக்கூட்டை எடுத்து அதன்மேல் பாரமாக வைத்தார். எங்கள் தாலுகா அலுவலகத்தில் மின்விசிறியே கிடையாது. இருந்தாலும் முக்கியமான காகிதம் என்றால் பறந்துவிடும் என்று பயப்படுவது பெரிய மனிதர்களின் பழக்கம்.

“வாசிச்சுப் பாருங்க தம்பி. குர்துன்னு ஒரு சனம். ஈராக்குப் பக்கம் மலையில இருக்காக. அங்கனயும் ஒரு குடும்பம், தலைமுறை தலைமுறையாத் தலைவருங்க. அவுக குடும்பப் பேரு என்ன தெரியுமா? ஊருப் பேரு! நம்ம மாதிரியே.”

வாசித்தேன். உண்மைதான். எங்கோ ஒரு மலையில் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு தலைவரைப் பற்றிய செய்தி. அவருடைய குடும்பப் பெயர் அவர்களது மலைக்கிராமத்தின் பெயரிலிருந்து வந்ததாம். நாம் ஊர்ப் பெயரோடு ‘ஆர்’ சேர்ப்பதுபோல் அவர்கள் ‘இ’ சேர்ப்பார்களாம். துண்டின் அடிப்பாகம் மடிந்து, மைக்கூட்டுக்குக் கீழே இருந்தது. மைக்கூட்டைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

“இதையும் மனுவோட சேத்துக்கங்க.”

சேர்த்தேன். கோயில் திருவிழா நோட்டீசு இணைப்பு ஒன்று. அவருடைய தகப்பனார் ஜில்லா போர்டு மெம்பராக மாலையோடு நிற்கும் புகைப்படம் இணைப்பு இரண்டு. குர்துகள் இணைப்பு மூன்று. சிவப்பு மையில் எண் போட்டு வட்டமிட்டேன். எத்தனையோ விசித்திர இணைப்புகளைப் பார்த்த அலுவலகம் அது. பக்கத்துத் தோட்டத்து ஆடு மென்ற வேட்டியையே ஒருவர் மனுவோடு தைத்து அனுப்பியிருக்கிறார். ஆனால் வெளிநாட்டு விவகாரம் வந்தது அதுதான் முதல் தடவை.

மனுவின் சாரம்

அணாவை மறந்து நயாபைசாவுக்கு ஜனங்கள் பழகிக்கொண்டிருந்த காலம். நான் அங்கே எழுத்தர். சான்றிதழ்கள், ஆட்சேபணைகள், வேறு யாரும் தொட விரும்பாத காகிதங்கள், எல்லாம் என் பிரிவு.

கொக்குச்செவல், சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில் கரிசல் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் இருந்த ஊர். ஊருக்குக் கிழக்கே இரண்டு பர்லாங்கு தள்ளி ஒரு காலனி. அங்கே இருளப்பன் என்பவர் குடியிருந்தார். அவருடைய அப்பா காலம் வரை கொக்குச்செவலாரின் புஞ்சைக் காட்டில் கூலி வேலை. இவர் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவர். மகள் முத்துமாரி. இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிப் பெற்றவள் என்பதால் அந்தப் பெயர்.

முத்துமாரி எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டாள். காலனியில் முதல் ஆள். மதுரையில் நர்ஸ் பயிற்சிக்கு இடமும் கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். சேரும்போது தாலுகா அலுவலகத்தின் இருப்பிடச் சான்று கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்துள்ள பெண்ணுக்கு இடம் போய்விடும். இவள் திரும்பிப் போய் அப்பாவோடு அதே கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கலாம். லீவு நாட்களில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவளுடைய விண்ணப்பத்தில் பெயர் இப்படி இருந்தது: கொ. இ. முத்துமாரி.

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து. முதலாவது ஊர், இரண்டாவது தகப்பனார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் கேட்காமலே போட்டுவிடுவார். முத்துமாரிக்கும் போட்டுவிட்டார்.

கொக்குச்செவலாரின் மனு அதைப் பற்றியதுதான். மேற்படி ‘கொ’ என்பது மூன்று தலைமுறையாகப் பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள தமது குடும்பத்தின் அடையாளம். அதைக் காலனிவாசிகள் சூடினால் பொதுமக்களுக்குக் குழப்பம் ஏற்படும். ஆகவே சான்றில் கொக்குச்செவல் என்று குறிப்பிடாமல் ‘காலனி’ என்று மட்டும் குறிப்பிட வேண்டும்.

ஊர் அதிகாரியான கிராம முன்சீப்பும் விண்ணப்பத்தின்மேல் அதற்கு ஒத்து ஊதியிருந்தார். ‘மேற்படியாள் கொக்குச்செவலைச் சேர்ந்தவரல்ல. காலனியைச் சேர்ந்தவர்.’

கிராமக் கணக்குகளில் காலனி என்று ஒரு ஊரே இல்லை. ஆக, அரசாங்கத்தின் பார்வையில் முத்துமாரி எங்குமே பிறக்கவில்லை.

நான் யோக்கியன் வேடம் போடப் போவதில்லை. அந்த விண்ணப்பத்தை அதற்கு முன்பே இரண்டு முறை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். காரணம், ‘கதவு எண்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. காலனி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. பாதி வீடுகளுக்குக் கதவே கிடையாது. ஆனால் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பது விதி. மூன்று வாரம் அப்படிப் போயிற்று. மூன்றாவது தடவை அந்தப் பெண்ணே நேரில் வந்து, என் கண் முன்னால் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுக் கேட்டாள்: “இப்பக் கட்டம் நிறைஞ்சிருச்சா சார்?”

அதற்கு எதிராக எந்த விதியும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

பெயர் வந்த விதம்

கொக்குச்செவலார் குடும்பத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் விசாரித்தேன். வேலை நிமித்தமாக அல்ல. எதற்கும் மூல ஆவணம் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

அவருடைய தாத்தா இளவயதில் பருத்தி வியாபாரத்துக்காக விருதுநகருக்குக் குடிபோனார். அங்கே அதே பெயரில் ஏற்கெனவே இரண்டு வியாபாரிகள் இருந்தார்கள். அடையாளத்துக்காகச் சந்தையில் இவரைக் ‘கொக்குச்செவலார்’ என்றார்கள். அவ்வளவுதான். அதன்பிறகு தாலுகா போர்டு, அப்பா காலத்தில் ஜில்லா போர்டு, இவர் காலத்தில் நகரசபை என்று பெயர் பெரிதாகிக்கொண்டே போனது. நிலம் மட்டும் ஊரில் இருந்தது. குடும்பம் டவுனில்.

கவனித்தால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொக்குச்செவலுக்குள் யாரும் யாரையும் கொக்குச்செவலார் என்று கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஊரை விட்டு வெளியே வந்தவனுக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டும். எனக்கும் அப்படித்தான். என் ஊரில் நான் வாத்தியார் மகன். அலுவலகத்தில்தான் என் ஊர்ப் பெயரைச் சொல்லி என்னைத் திட்டினார்கள்.

ஆனால் அந்தப் பெயர் காலனிக்கு வேறு விதமாகத் திரும்பி வந்திருந்தது. எந்த ஊர் என்று வெளியாட்கள் கேட்டால், இருளப்பனின் அப்பா, “கொக்குச்செவலார் காட்டு ஆளுங்க” என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஊர் அந்த ஒருவருடையது, அதிலுள்ள மனிதர்களும் அவருடையவர்கள்.

விசாரணை

எங்கள் டெபுடி தாசில்தார் நல்லவர். எந்தக் கோப்பையும் அவர் முடிவு செய்தது கிடையாது என்பதால் அவரால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததும் கிடையாது. என் குறிப்பைப் படித்துவிட்டுச் சொன்னார்: “ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இருக்கன்குடி திருவிழா டியூட்டிக்குப் போயிட்டார். நீரே போய் ரெண்டு பக்கமும் வாக்குமூலம் வாங்கிட்டு வாரும். எனக்கு முடிவு வேண்டாம். வாக்குமூலம் போதும்.”

வெள்ளிக்கிழமை காலை கொக்குச்செவல் சாவடியில் மேசை போட்டிருந்தார் முன்சீப். கொக்குச்செவலார் காரில் வந்து இறங்கினார். கூடவே ஒரு வக்கீல் குமாஸ்தா. அடுத்த மாதம் நகரசபைத் தேர்தல். வேட்டியில் இஸ்திரி மடிப்பு கலையாமல் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

இருளப்பனும் மகளும் சாவடிக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். உள்ளே வரச் சொன்னேன். இருளப்பன் முன்சீப்பைப் பார்த்தார். முன்சீப் கூரையைப் பார்த்தார். வாக்குமூலம் கொடுப்பவர் விசாரணை செய்பவருக்கு எதிரில் இருக்க வேண்டும் என்பது விதி. எனவே மேசையைத் தூக்கி வெளியே போடச் சொன்னேன். எல்லாருக்கும் சமமாக வெயில் அடித்தது. கொக்குச்செவலாருக்குக் குடை பிடித்தார்கள்.

“ஏலே இருளா, மக என்னலே படிக்கப் போறா?” என்றார் கொக்குச்செவலார்.

“ஊசி போடுற படிப்புங்க.”

“ஊசி போடுறதுக்கு எதுக்குலே என் ஊருப் பேரு?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இருளப்பனும் வழக்கத்தின் காரணமாகச் சிரித்துவைத்தார். முத்துமாரி சிரிக்கவில்லை.

“ஊசி போடுறதுக்கு வேண்டாங்க. மதுரையில வாசலைத் தாண்டத்தான் வேணும். சான்று இல்லாம திங்கக்கிழமை உள்ள விட மாட்டாக.”

“காலனின்னு வாங்கிட்டுப் போ.”

“எந்த ஊருக் காலனின்னு கேப்பாகளே?”

கொக்குச்செவலார் என் பக்கம் திரும்பினார். கை நீட்டினார். “தம்பி, அந்த மூணாவது இணைப்ப வாசிக்கச் சொல்லுங்க. சனங்க தெரிஞ்சுக்கிடட்டும்.”

முன்சீப் உரத்த குரலில் வாசித்தார். மலை, துப்பாக்கி, தலைமுறை, ஊரின் பெயரே குடும்பத்தின் பெயர். கொக்குச்செவலார் ஒவ்வொரு வரிக்கும், அந்த மலையில் நிலவரி வசூலித்தவர்போலத் தலையாட்டினார். முன்சீப் முடித்துவிட்டுத் துண்டை என்னிடம் நீட்டினார்.

“அடியில மடிஞ்சிருக்கு சார்,” என்றாள், எதிரில் நின்று துண்டின் பின்பக்கத்தைப் பார்த்த முத்துமாரி. “இன்னும் ரெண்டு வரி இருக்கு.”

இணைப்பு என்றால் முழுவதும் வாசிக்கப்பட வேண்டும். மடிப்பைப் பிரித்துத் திரும்பக் கொடுத்தேன். முன்சீப் இந்த முறை அவ்வளவு உரத்து வாசிக்கவில்லை. அந்தப் பெயர் தலைவர் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல, அந்த ஊரில் உழுகிறவர்களும் ஆடு மேய்க்கிறவர்களும்கூட அதே பெயரைச் சேர்த்துக்கொள்வது வழக்கம் என்று அதில் போட்டிருந்தது.

முன்சீப் துண்டைப் பழையபடி மடித்தார்.

“ஆடு மேய்க்கிறவனுமாங்க?” என்றார் இருளப்பன்.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“அப்ப அங்கன மனுப் போட ஆளு இல்ல போல.”

இந்த முறை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. குடையும் சேர்ந்து குலுங்கியது.

“அது அந்த ஊரு வழக்கம்லே!” கொக்குச்செவலாருக்கு முகம் சிவந்துவிட்டது. “இது இந்த ஊரு. எழுதுங்க தம்பி, என் வாக்குமூலத்த.”

வசிப்பிடம்

வாக்குமூலப் படிவம் வெள்ளைக்காரன் காலத்தது. அதைப் போல் நேர்மையான மனிதரை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. ராஜாவிடமும் கூலியிடமும் அது ஒரே நான்கு கேள்விகளைத்தான் முதலில் கேட்கும். பெயர், தகப்பனார் பெயர், வயது, வசிப்பிடம்.

மூன்றை எழுதி முடித்தேன். “வசிப்பிடங்க ஐயா?”

“என்ன தம்பி கேள்வி? கொக்குச்செவலார்னு போடுங்க.”

“அது பேருங்க. பேருக் கட்டத்துல எழுதிட்டேன். இது வசிக்கிற இடம்.”

“ரெண்டும் ஒண்ணுதான்!”

“அப்ப கொக்குச்செவல்ல வசிக்கிறதா எழுதிரவா?”

வக்கீல் குமாஸ்தா குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்காமலே எனக்குத் தெரியும். நகரசபைத் தேர்தலில் நிற்பவர் பெயர் டவுன் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். டவுன் பட்டியலில் இருக்க வேண்டுமானால் டவுனில் வசிக்க வேண்டும். கொக்குச்செவலில் வசிக்கிறேன் என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், எதிர்த்து நிற்பவர் மறுநாளே அதற்கு நகல் கேட்டு மனுப் போடுவார். அந்த நகலைக் கொடுப்பதும் என் பிரிவுதான்.

வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டே கொக்குச்செவலார் சொன்னார்: “விருதுநகர்னு போடுங்க.”

போட்டேன். விதிப்படி வாய்விட்டும் சொன்னேன். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

“கொக்குச்செவலில் தாங்கள் கடைசியாக வசித்தது எப்போதுங்க?”

“அது... எங்க தாத்தா காலத்துல...”

“தாங்கள்?”

“கோயில் கொடை விழாவுக்கு வருவேன். எலெக்சனுக்கு வருவேன்.”

“வசித்ததுங்க?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் அடுத்த ஊர் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ‘நான் கொக்குச்செவல் கிராமத்தில் வசித்ததில்லை’ என்று எழுதி, படித்துக் காட்டி, பேனாவைத் திருப்பி நீட்டினேன்.

“இதுல நான் கையெழுத்துப் போடணுமா?”

“ஆமாங்க. போட்டாத்தான் ஆட்சேபணை செல்லும்.”

தம் கைப்படக் கையெழுத்திட்ட அந்த ஒரு வரி, அடுத்து அவர் நிற்க நினைத்திருந்த சட்டசபைத் தேர்தலில் ஊர்ப்பக்கத்து எத்தனை சுவர்களில் காவியில் எழுதப்படும் என்று அவர் மனசு எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். டவுன் வேண்டுமென்றால் ஊர் போகும். ஊர் வேண்டுமென்றால் டவுன் போகும்.

“மனுவ நான் வாபஸ் வாங்கல,” என்றார் எழுந்தபடியே. “கையெழுத்தும் போடல. என்ன செய்வீக?”

“அதுக்கும் விதி இருக்குங்க ஐயா.”

கார் கிளம்பியது. தூசி அடங்கியதும் இருளப்பனைக் கூப்பிட்டேன். அதே படிவம், அதே கேள்விகள்.

“வசிப்பிடம்?”

“இங்கனதான்.”

“இங்கனன்னா?”

அவர் முன்சீப்பைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அந்தச் சொல்லை அதற்கு முன் அவர் தன் ஊராகச் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். மெதுவாகச் சொன்னார்: “கொக்குச்செவல்.”

“எவ்வளவு காலமா?”

“பொறந்ததுல இருந்து. எங்கய்யாவும் இங்கனதான் பொறந்து இங்கனதான் செத்தாரு. போறதுக்கு வேற ஊரு கெடையாதுங்க.”

கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறந்தேன். அவருடைய கட்டை விரல் அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாக மின்னியது. பட்டாசு மருந்து கலக்கிறவர்களுக்குக் கை கழுவினாலும் போகாது. “மை எதுக்குங்க? வெறுங்கையையே வச்சாலும் விழும்,” என்றார். மை வைத்துத்தான் பதித்தோம். இருந்தாலும் கறுப்பு ரேகைகளைச் சுற்றி ஒரு வெள்ளி விளிம்பு விழுந்தது.

பிறகு முன்சீப்பிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “காலனி எந்தக் கிராமக் கணக்குல இருக்கு?”

“கொக்குச்செவல்லதான் சார்.”

“எழுதிக் குடுங்க.”

மறுநாள் சனிக்கிழமை டெபுடி தாசில்தார் சான்றில் கையெழுத்திட்டார். “அந்தக் குர்து விவகாரம் முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

“முடிஞ்சது சார்.”

“நம்ம தாலுகாவுலயா வருது அது?”

முத்துமாரி சான்றை வாங்கி, பெயரை மட்டும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, எஸ்.எஸ்.எல்.சி. சான்றுப் புத்தகத்துக்குள் வைத்தாள். நன்றி சொல்லவில்லை. மூன்று வாரம் கதவு எண் கேட்டவனுக்கு நன்றி எதற்கு?

நான் செய்தது நியாயத்துக்காக என்று யாராவது நினைத்தால் திருத்திக்கொள்ளலாம். காலிக் கட்டத்தை என்னால் சகிக்க முடியாது. இரண்டு மாதத்தில் ‘நிர்வாக நலன் கருதி’ ஜில்லாவின் மறுகோடிக்கு மாற்றப்பட்டேன். உப்புக் காற்று. நிர்வாகம் நலமடைந்திருக்கும்.

ஜட்கா போன இடம்

அறுபதுகளின் கடைசியில் திரும்பி வந்தேன். ஒரு நாள், நிலம் சம்பந்தமான நோட்டீசு ஒன்றைக் கொக்குச்செவலாரிடம் நேரில் சேர்க்க வேண்டியிருந்தது. அதற்குள் அவர் ஒரு தேர்தலில் ஜெயித்து இரண்டில் தோற்றிருந்தார். விருதுநகர் ஸ்டேஷனில் இறங்கி ஒரு ஜட்கா வண்டியைக் கூப்பிட்டேன்.

“கொக்குச்செவலார் வீட்டுக்குப் போகணும்.”

“ஏறுங்க.” வழி கேட்கவில்லை. எனக்குத் திருப்தி. மூன்று தலைமுறைப் பெயர் அல்லவா?

வண்டி கடைவீதியில் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் போய், ஓடு வேய்ந்த ஒரு சின்ன வீட்டின் முன்னால் நின்றது. கொடியில் வெள்ளைச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. நர்சுகள் கட்டுவது. கதவில் ஒரு தகரத் துண்டு ஆணியடித்து மாட்டியிருந்தது. கதவு எண்.

வாசலில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

“யாரப் பாக்கணும்?”

நான் நோட்டீசைப் பைக்குள் தள்ளிவிட்டுச் சொன்னேன்: “கொக்குச்செவலாரை.”

அவர் எழுந்தார். கைகள் சுத்தமாக இருந்தன. நகக்கண்களில் மட்டும் அந்த வெள்ளி இன்னும் போகவில்லை.

“நாந்தாங்க,” என்றார். சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

ஜட்காக்காரர் குதிரைக்குப் புல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.